மூக்குக்கண்ணாடியில் மூக்கு எதற்கு?

(மிக்ஸி, சலவை இயந்திரம், இஸ்திரிப்பெட்டி போன்றவற்றோடு வரும் கையேடுகளை நெடுங்காலம் தமிழாக்கி வந்த கோவைக்காரர் ஒருவர், வீட்டுச் சாமான்களின் பெயர்கள் பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறார்.)

கேள்வி: கண்ணாடி என்ற சொல்லிலேயே கண் இருக்கிறது. பிறகு மூக்குக்கண்ணாடி என்று மூக்கை வேறு எதற்குச் சேர்த்தார்கள்? கண்ணுக்குப் போடுவதுதானே அம்மா?
கண்ணாடிக் கடை ஊழியர், திருச்சி

பதில்: நீங்கள் விற்கும் பொருள் நம் ஊருக்கு வருவதற்கு முன்பே கண்ணாடி என்ற சொல் இங்கே இருந்தது, தம்பி. ஆடி என்றாலே முகம் பார்க்கும் கண்ணாடிதான். குறுந்தொகையின் 8ஆம் பாட்டில் பரத்தை ஒருத்தி தலைவனைக் கேலி செய்வாள். இங்கே வந்து பெரிய பேச்சுப் பேசுகிறான், தன் வீட்டுக்குப் போனால் மனைவி கையைத் தூக்கினால் கையைத் தூக்குகிறான், காலைத் தூக்கினால் காலைத் தூக்குகிறான், 'ஆடிப் பாவை' மாதிரி என்று. ஆடிப் பாவை என்றால் கண்ணாடியில் தெரியும் உருவம்.

அந்த ஆடியோடு கண் சேர்ந்து கண்ணாடி ஆனது. பிறகு அந்தச் சொல் பொருளை விட்டு அது செய்யப்பட்ட சரக்குக்கும் பெயராகிவிட்டது. அலமாரிக் கதவில் இருப்பதும் கண்ணாடி, வளையலும் கண்ணாடி வளையல். இந்த நிலையில் இன்னொரு கண்ணாடி வந்தால் எந்தக் கண்ணாடி என்று சொல்லியாக வேண்டும். ஆளுயரத்துக்கு நிற்பது நிலைக்கண்ணாடி. சின்ன எழுத்தைப் பூதம் போலக் காட்டுவது பூதக்கண்ணாடி. மூக்கில் உட்காருவது மூக்குக்கண்ணாடி. கண் ஏற்கெனவே உள்ளே மாட்டிக்கொண்டதால் அடையாளம் காட்டும் வேலை மூக்குக்குப் போனது.

மூக்குக்கு அந்தப் பெருமை நியாயமாகவே சேர வேண்டியதுதான். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இத்தாலியில் முதல் மூக்குக்கண்ணாடிகள் வந்தபோது காதில் மாட்டும் கம்பி கிடையாது. கையில் பிடிக்க வேண்டும், அல்லது மூக்கில் செருக வேண்டும். கம்பி 18ஆம் நூற்றாண்டில்தான் வந்தது. அதற்கு அப்புறமும் 'பான்ஸ்-நே' என்று ஒரு வகையைப் பிரெஞ்சுக்காரர்கள் விரும்பிப் போட்டார்கள். மூக்கைக் கிள்ளி என்று பொருள்.

எனக்கு இந்த ஒரு பொருளின் பெயர்களை அடுக்கிப் பார்ப்பதில் அலுப்பே வருவதில்லை. ஜெர்மானியர் 'ப்ரில்லெ' என்கிறார்கள். பெரில் என்ற தெளிந்த கல்லின் பெயரிலிருந்து வந்தது. அவர்கள் கண்ணில் பட்டது கல். பிரெஞ்சில் 'லுனெத்', குட்டி நிலாக்கள். ஸ்பெயினில் 'காஃபாஸ்', கொக்கிகள். அவர்கள் காதுப்பக்கம் பார்த்திருக்கிறார்கள். ஸ்பானிஷிலேயே இன்னொரு பெயர் 'ஆன்தியோஹோஸ்', கண்முன்னது. இந்திக்காரரின் 'சஷ்மா' பாரசீகத்தில் கண் என்று பொருள்படும் 'சஷ்ம்' என்ற சொல்லிலிருந்து வருகிறது. லென்ஸ் என்றால் லத்தீனில் மைசூர்ப் பருப்பு. அதன் வடிவத்தைப் பார்த்து வைத்த பெயர். நம் பள்ளிப் புத்தகத்தில் அதுவே வில்லை ஆயிற்று.

சீனத்தில் 'யென்ஜிங்'. யென் கண், ஜிங் ஆடி. அப்படியே நம் கண்ணாடி! ஆனால் அங்கே அது மூக்கில் போடுவதற்கு மட்டும் பெயர். மலாயிலும் இதே கூட்டுதான், வரிசை மட்டும் தலைகீழ்: 'செர்மின் மாத்தா', ஆடி முன்னே, கண் பின்னே. மலாயில் எந்தப் பொருள் என்பது முதலில் வரும், எப்படிப்பட்டது என்பது பின்னால் வரும். நமக்கும் சீனருக்கும் முக்கியமான சொல் கடைசியில்தான் வரும். பினாங்கிலிருந்து யாராவது வந்தால் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: ஆட்டுக்கல்லில் ஆடு எங்கே இருக்கிறது?
நான்காம் வகுப்பு மாணவி, பொள்ளாச்சி

பதில்: ஆடு இல்லை கண்ணு. மாவை ஆட்டுகிறோம் இல்லையா, அந்த ஆட்டு. ஆட்டுக்கால் சூப்பில் மட்டும்தான் நிஜ ஆடு. ஆனால் ஒன்று சொல்கிறேன், ஆட்டுக்கல்லில் ஒரு குழந்தை உண்டு. குழிக்குள் நின்று சுற்றுகிற கல்லுக்குக் குழவி என்று பெயர் அல்லவா? பழைய தமிழில் குழவி என்றால் குழந்தை. உங்கள் பாட்டியிடம் சொல்லிப் பார். 'ஆட்டாங்கல்லு' என்று அவர் திருத்துவார். அதுவும் சரிதான்.

கேள்வி: மரச்செக்கு வைத்திருக்கிறேன். கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய் என்று பலகை எழுதி மாட்டியிருக்கிறேன். எண்ணெய் என்றால் எள்ளின் நெய், எள் இல்லாததை எண்ணெய் என்பது பிழை என்று ஒரு தமிழாசிரியர் சொல்லிவிட்டுப் போனார். பலகையை மாற்ற வேண்டுமா?
செக்குக்காரர், காங்கேயம்

பதில்: வேண்டாங்க. பெயின்டர் கூலி மிச்சம்.

எள்ளும் நெய்யும் சேர்ந்து எண்ணெய் ஆனது உண்மை. நெய் என்பது பழைய தமிழில் எந்தக் கொழுப்புக்கும் பொதுப்பெயர். வெண்மையான நெய் வெண்ணெய், எள்ளின் நெய் எண்ணெய். எள் எண்ணெய்தான் ஊரெல்லாம் புழங்கியது. அதனால் அதன் பெயரே பிழிந்தெடுக்கும் எல்லாவற்றுக்கும் பெயராகிவிட்டது. அப்போது ஒரு சிக்கல் வந்தது. பெயருக்குச் சொந்தக்காரனான எள் எண்ணெய்க்கே பெயர் இல்லாமல் போய்விட்டது. அதைத் தனியாகக் குறிக்க நல்லெண்ணெய் என்று புதிதாக ஒரு பெயர் தேவைப்பட்டது. வீட்டை வாடகைக்கு விட்டவரே பிறகு தனக்கு வேறு வீடு தேடிய கதை.

இது நமக்கு மட்டும் நடந்ததாக நினைக்காதீர்கள். இந்தியின் 'தேல்' எங்கிருந்து வந்தது? சமஸ்கிருதத்தில் திலம் என்றால் எள், அதிலிருந்து தைலம், அதிலிருந்து தேல். எனவே அவர்கள் 'தில் கா தேல்' என்று சொல்லும்போது எள்ளை இருமுறை சொல்கிறார்கள். ஆங்கிலத்தின் ஆயில், லத்தீன் 'ஓலியும்' வழியாகக் கிரேக்கத்தின் ஆலிவ் மரத்துக்குப் போய்ச் சேரும். 'ஆலிவ் ஆயில்' என்பதும் அதே இரட்டிப்பு. ஸ்பெயினை அரபியர் ஆண்டதால் அங்கே எண்ணெய்க்குப் பெயர் 'அசெய்த்தே'. அரபியில் ஆலிவ் பழத்தின் பெயரோடு பிறந்த 'ஸைத்'திலிருந்து வந்தது. இன்று அவர்கள் சூரியகாந்தி எண்ணெயையும் அசெய்த்தே என்றுதான் சொல்கிறார்கள், எந்த ஆசிரியரும் கடை வாசலில் நின்று தடுப்பதில்லை. மத்தியதரைக் கடலோரத்தில் ஆலிவ் விளைந்தது, இங்கே எள் விளைந்தது. பெயர் வைத்த விதம் ஒன்றேதான்.

இன்னும் தமாஷ் மண்ணெண்ணெயில் இருக்கிறது. அந்தச் சொல்லைப் பிரித்தால் மண், எள், நெய். ரேஷன் கடையில் வாங்கி அடுப்பில் ஊற்றியதில் எள்ளும் இல்லை, நெய்யும் இல்லை. பெட்ரோலியத்தைப் பிரியுங்கள்: 'பெட்ரா' பாறை, 'ஓலியும்' ஆலிவ் எண்ணெய். பாறையில் எடுத்த ஆலிவ் எண்ணெய்! இந்திக்காரரின் 'மிட்டி கா தேல்' மண்ணின் எள்நெய். ஜெர்மனில் 'ஏர்ட்-ஓல்', பூமி எண்ணெய். சீனத்தில் 11ஆம் நூற்றாண்டிலேயே ஷென் குவோ என்ற அறிஞர் அதைக் கல்லெண்ணெய் என்று பொருள்படும் 'ஷியோ' என்ற பெயரால் எழுதிவைத்தார். இன்றும் அங்கே பெட்ரோலியத்துக்கு அதுதான் பெயர். கன்னடத்தில் மட்டும் அது வந்த திசையைப் பார்த்தார்கள். 'சீமெஎண்ணெ', அதாவது சீமை எண்ணெய். தமிழிலும் சீமெண்ணெய் என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள்.

உங்கள் தொழிலுக்கு நெருக்கமான ஒன்று. தமிழில் விளக்கெண்ணெய் என்றால் ஆமணக்கெண்ணெய். மலையாளத்தில் 'வெளிச்செண்ண' என்றால் தேங்காய் எண்ணெய். இரண்டு பெயரும் விளக்கைத்தான் சொல்கின்றன. பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப் பக்கம் தேங்காய் எண்ணெயில் விளக்கெரித்தார்கள், இந்தப் பக்கம் ஆமணக்கில் எரித்தார்கள். பெயர் வைத்தவர்கள் விளக்கை மட்டும்தான் பார்த்தார்கள், திரி எதில் நனைந்தது என்பது ஊராருக்குத் தெரிந்த விஷயம். கேரளத்துக்கு லாரி அனுப்பினால் மட்டும் ரசீதில் கவனமாக எழுதுங்கள்.

அந்த ஆசிரியரை மறுபடி பார்த்தால், வீட்டில் சுடுதண்ணீர் குடிப்பாரா என்று கேளுங்கள். தண் என்றால் குளிர்ச்சி.

கேள்வி: ஜெர்மன் படிக்கிறேன். கையுறையை அவர்கள் 'கைச்செருப்பு' என்கிறார்கள்! எதையும் கோத்துப் புதுச்சொல் செய்கிறார்கள். தமிழுக்கு இந்த ஆற்றல் குறைவு என்கிறான் என் அறைத்தோழன். உண்மையா அக்கா?
பொறியியல் மாணவர், மதுரை

பதில்: 'ஹாண்ட்ஷூ'வை ரசித்திருக்கிறீர்கள், நல்ல ஆரம்பம். தையல்காரர் விரலில் மாட்டும் குப்பி 'ஃபிங்கர்ஹூட்', விரல் தொப்பி. மின்பல்பு 'க்ளூபிர்னே', ஒளிரும் பேரிக்காய். நான் வேலை செய்த கையேடுகளில் ஒரே பக்கத்தில் ஜெர்மனும் ஸ்பானிஷும் துருக்கியும் பக்கத்துப் பக்கத்துப் பத்திகளில் இருக்கும். ஆங்கிலத்தைத் தமிழாக்குவதுதான் எனக்குச் சம்பளம். பக்கத்துப் பத்திகளை எட்டிப் பார்ப்பது என் சொந்தச் சந்தோஷம்.

உங்கள் தோழன் ஊறுகாய் சாப்பிடுவாரா? ஊறிய காய், ஊறுகிற காய், இனி ஊறப்போகிற காய் மூன்றும் அதற்குள் இருக்கின்றன. வினைத்தொகை என்று பத்தாம் வகுப்பில் மதிப்பெண்ணுக்குப் படித்து மறந்த சங்கதி. காலத்தைக் காட்டாமல் வினையின் வேரை அப்படியே பெயரோடு ஒட்டிவிடலாம். சுடுகாடு, எழுதுகோல், மிதிவண்டி, ஏவுகணை எல்லாம் அந்த வழியில் வந்தவை. பாட்டி செய்ததும் உண்டு, விஞ்ஞானி செய்ததும் உண்டு.

ஒட்டும் இடத்தில் இரண்டு மொழிக்கும் தையல் தெரியும் என்பதையும் பாருங்கள். சூரியனுக்கு ஜெர்மனில் 'ஸொன்னே', குடைக்கு 'ஷிர்ம்'. சேர்த்தால் நடுவில் ஒரு ன் வந்து 'ஸொன்னென்ஷிர்ம்' ஆகிறது. நம்மிடம் தீயும் பெட்டியும் சேர்ந்தால் ஒரு ப் வரும், மரத்தில் செய்த பெட்டியில் மகரம் போய் மரப்பெட்டி ஆகும். ஆங்கிலத்தில் பெரும்பாலும் இரண்டு சொல்லைப் பக்கத்தில் நிறுத்துவார்கள், அவ்வளவுதான். ஜெர்மன் சொல் நீளமாகத் தெரிவதற்குப் பாதிக் காரணம், நடுவில் இடம் விடாமல் எழுதுவது.

கோத்துச் செய்வதில் உள்ள ஆபத்தும் இரண்டு மொழிக்கும் ஒன்றே. தலைவலி மாத்திரை தலைவலியைப் போக்கும். தூக்க மாத்திரை தூக்கத்தைத் தரும். சத்து மாத்திரையில் சத்து இருக்கும். மூன்றையும் ஒரே மாதிரிதான் ஒட்டியிருக்கிறோம். போக்குகிறதா, தருகிறதா, உள்ளே இருக்கிறதா என்பதைச் சொல் சொல்லவில்லை, கேட்பவர் நிரப்பிக்கொள்கிறார். ஜெர்மனிலும் தலைவலி மாத்திரை, தூக்க மாத்திரை இரண்டும் அப்படியே உண்டு. அங்கேயும் யாரும் குழம்புவதில்லை. நம் இலக்கணம் இதற்கு உருபும் பயனும் உடன்தொக்க தொகை என்று பெயர் வைத்து, மறைந்திருப்பது என்ன என்று கேட்கவும் கற்றுக்கொடுத்தது. பாத்திரத்தை விட மூடி பெரிதாக இருக்கிற பெயர்தான், ஆனால் விஷயம் துல்லியம்.

இரண்டு மொழிக்கும் இடையே வித்தியாசம் எங்கே என்றால், எந்தச் சொல்லைப் பொதுத்தாங்கியாக வைத்திருக்கிறார்கள் என்பதில். ஜெர்மனுக்கு 'ட்ஸொய்க்', அதாவது சாமான். நெருப்புச் சாமான் லைட்டர், பறக்கும் சாமான் விமானம், விளையாட்டுச் சாமான் பொம்மை. நமக்குப் பெட்டி. தீப்பெட்டி, தபால்பெட்டி, அஞ்சறைப்பெட்டி, ஆர்மோனியப் பெட்டி, ரேடியோப் பெட்டி. துணி தேய்ப்பதும் இஸ்திரிப்பெட்டி! ஜெர்மனில் அது 'ப்யூகல்ஐஸன்', தேய்க்கும் இரும்பு. ஆங்கிலத்தில் வெறும் இரும்பு. பிரெஞ்சிலும் இரும்புதான். ஸ்பானிஷில் 'ப்ளான்ச்சா', தகடு. நாம் மட்டும் பெட்டி என்றோம், ஏனென்றால் மூடியைத் திறந்து கரி போட்டுப் பழகியவர்கள். இன்று கரி இல்லை, மூடி இல்லை, உள்ளே ஒன்றும் வைக்க முடியாது. கையேட்டில் நான் 'இஸ்திரிப்பெட்டி' என்று எழுதியதைப் பார்த்து, ஆங்கிலத்தில் பெட்டி என்று எங்கே இருக்கிறது என்று ஒரு சரிபார்ப்பாளர் கேட்டார். அவர் வீட்டில் என்ன சொல்வார்கள் என்று திருப்பிக் கேட்டேன். அப்படியே அச்சாயிற்று.

கேள்வி: மிக்ஸிக்கு நல்ல தமிழ்ச்சொல் என்ன?
இல்லத்தரசி, விழுப்புரம்

பதில்: மிக்ஸிதான். லண்டன் கடையில் போய் மிக்ஸி கேட்டால் விழிப்பார்கள், அங்கே அது பிளெண்டர். மிக்ஸர் கிரைண்டரைச் சுருக்கி வாலில் ஒரு 'ஸி' வைத்தது நம் நாட்டுச் சமையலறை. இங்கே செய்த சொல், இங்கேயே ஓடட்டும்.

கேள்வி: என் மகள் மாட்ரிட்டில் வேலை பார்க்கிறாள். டின் திறக்கும் கருவியை 'திறக்கிறது-டின்கள்' என்று அங்கே சொல்கிறார்களாம். குடைக்கு 'நிறுத்துகிறது-தண்ணீர்கள்'. இதென்ன தலைகீழ்ப் பெயர்?
பனியன் நிறுவனக் கணக்காளர், திருப்பூர்

பதில்: உங்கள் மகளுக்கு நல்ல காது. 'அப்ரெலாத்தாஸ்', 'பராக்வாஸ்' என்பவைதான் அவை. ஸ்பானிஷில் வாக்கியம் எப்படி நடக்கிறதோ அப்படியே பெயரும் நடக்கிறது. 'திறக்கிறேன் டின்னை' என்பது அவர்கள் பேச்சு, அதனால் திறப்பு முன்னே, டின் பின்னே. வானளாவிய கட்டடத்துக்கு 'சுரண்டுகிறது-வானங்கள்' என்று பெயர். பாத்திரம் கழுவும் இயந்திரம் 'கழுவுகிறது-தட்டுகள்'.

நாம் 'டின்னைத் திறக்கிறேன்' என்று வினையைக் கடைசியில் வைப்பவர்கள். பெயரும் அப்படியே வரும். மண்வெட்டி, பாக்குவெட்டி, நகவெட்டி, மரங்கொத்தி, ஒலிபெருக்கி. பொருள் முன்னே, வினை பின்னே, வாலில் ஓர் இ. அந்தச் சின்ன இ செய்யும் வேலையைப் பாருங்கள். வெட்டு என்பது செயல், வெட்டி என்றால் வெட்டுகிற கருவி. அலைபேசி, குளிரூட்டி என்று இந்த வால் இன்றைக்கும் உழைக்கிறது.

ஜப்பானியரும் வினையைக் கடைசியில் வைப்பவர்கள். நகவெட்டி அங்கே 'ட்ஸுமெகிரி', ட்ஸுமெ நகம், கிரி வெட்டு. டின் திறப்பான் 'கான்கிரி'. மூடி பிடுங்குவது 'சென்நுகி'. கிரி, நுகி, வெட்டி, கொத்தி என்று எல்லாம் இகரத்தில் முடிவதைப் பார்த்ததும் ஜப்பானியருக்கும் நமக்கும் உறவு என்று கிளம்பிவிடாதீர்கள். அவர்களுடைய இ வேறு வழியில் வந்தது. வினை கடைசியில் வருவது மட்டும்தான் பொது.

ஆங்கிலம் இதில் இரண்டு படகில் கால் வைத்தது. பேசும்போது வினைக்குப் பின்னால்தான் பொருள் வரும், பெயரில் மட்டும் 'கேன் ஓப்பனர்' என்று நம்மைப் போல மாறிக்கொள்ளும். ஸ்பானிஷ் மாதிரியான பழைய அச்சிலும் சில உண்டு. காக்கையை விரட்டும் வயல் பொம்மை 'ஸ்கேர்குரோ'. அப்புறம் நமக்கெல்லாம் தெரிந்த பிக்பாக்கெட். பிக் வினை, பாக்கெட் பொருள். அதையே தமிழில் பாருங்கள்: முடிச்சவிழ்க்கி. பணத்தை முந்தானையிலும் வேட்டி முனையிலும் முடிச்சுப் போட்டு வைத்த காலத்துப் பெயர். முடிச்சு முன்னே, அவிழ்ப்பு பின்னே, வாலில் இ. திருடனுக்குப் பெயர் வைத்தபோதும் இரண்டு மொழியும் தத்தம் இலக்கணத்தை மீறவில்லை.

குடை விஷயத்தில் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். மழைக்குப் பேர்போன இங்கிலாந்து, இத்தாலியர்கள் நிழலுக்கு வைத்த பெயரைத்தான் வாங்கி அம்பரெல்லா என்று சொல்கிறது. 'அம்ப்ரா' என்றால் நிழல்.

கேள்வி: ஜன்னல் போர்ச்சுகீசியச் சொல்லாமே. என் வரைபடங்களில் எழுதுவதற்கு நல்ல தமிழ்ப்பெயர் சொல்லுங்கள்.
வீடு கட்டும் ஒப்பந்தக்காரர், காரைக்குடி

பதில்: ஆமாம், 'ஜனேலா'. சாவி, மேசை, அலமாரியோடு அதே கப்பலில் வந்தது. லத்தீனில் வாசலுக்கு 'யானுவா'. அதன் குட்டி ஜனேலா, சின்ன வாசல். அதாவது போர்ச்சுகீசியர் பார்த்தது கதவை.

தமிழ்ப்பெயர் கேட்கிறீர்கள். காலதர் என்று ஒன்று உண்டு. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. சிலப்பதிகாரத்தில் புகார் நகரத்து மாளிகைகளைச் சொல்லும்போது 'மான்கண் காலதர்' என்று வரும். மானின் கண் போன்ற வடிவம், காற்று வரும் வழி. ஒரே சன்னலில் கண்ணும் காற்றும் இருக்கின்றன! இந்த இரண்டையும் விட்டு உலகம் வெளியே போகவே இல்லை. ஆங்கிலத்தின் விண்டோ, வைக்கிங்குகளின் பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்தது. 'விந்த்அவ்கா', காற்றுக்கண். அதற்கு முன் ஆங்கிலேயர் சொந்தமாக 'கண்துளை' என்று ஒரு சொல் வைத்திருந்தார்கள், அது போய்விட்டது. அதே துளை மூக்கில் மட்டும் 'நாஸ்ட்ரில்' என்று தங்கியிருக்கிறது. ஸ்பானிஷில் 'வென்தானா', காற்றிலிருந்து வந்தது. ரஷ்யனில் 'அக்னோ', கண்ணிலிருந்து வந்தது. சமஸ்கிருதத்தில் இரண்டும் உண்டு: வாதாயனம் காற்றின் வழி, கவாட்சம் மாட்டுக்கண். நாம் மான் என்றோம், அவர்கள் மாடு என்றார்கள்.

கண்ணாடி போட்ட சன்னல் சாதாரண வீட்டுக்கு வந்தது பிற்காலத்தில்தான். அதற்கு முன் சன்னல் என்றால் ஓட்டை, காற்று வரும், நீங்கள் எட்டிப் பார்க்கலாம். பெயர்களும் அதைத்தான் சொல்கின்றன.

பலகணி என்றும் தமிழில் இருக்கிறது. பல கண் உடையது. துளைத்துளையாகச் செதுக்கிய பழைய சன்னலுக்கு அது அற்புதமாகப் பொருந்தும். உங்கள் ஊர்ச் செட்டிநாட்டு வீடுகளில் நடந்தால் எதைப் பலகணி என்று சொல்லலாம், எதைச் சொல்ல முடியாது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். ஆனால் வரைபடத்தில் ஜன்னல் என்றே எழுதுங்கள். 'காலதர்' என்று எழுதினால் தச்சர் உங்களுக்கு போன் போடுவார்.

கேள்வி: நாங்கள் தும்புத்தடி என்பதை என் தமிழ்நாட்டு மருமகள் துடைப்பம் என்கிறாள். அவளுடைய தாயார் விளக்குமாறு என்கிறார். விளக்குக்கும் இதற்கும் என்ன தொடர்பு?
வாசகி, யாழ்ப்பாணம்

பதில்: பல் விளக்குகிறோம், பாத்திரம் விளக்குகிறோம், அந்த விளக்கு. மாறு என்றால் குச்சிக் கற்றை. இருட்டில் ஏற்றும் விளக்கும் பளிச்சென்று ஆக்குகிற அதே வினைதான். உங்கள் பெயர் தும்பையும் தடியையும் சொல்கிறது, அதாவது எதனால் செய்தது என்று. மருமகளுடைய பெயர் துடைப்பதைச் சொல்கிறது. தென்மாவட்டங்களில் வாரியல், வாரிக் குவிப்பதால். ஈர்க்குமாறு மறுபடி பொருளுக்கே திரும்புகிறது. ஆங்கிலத்தின் 'ப்ரூம்' ஒரு செடியின் பெயர், அதன் மிலாறுகளைக் கட்டிப் பெருக்கினார்கள். உங்கள் கட்சிதான் அவர்களும்.

கேள்வி: ஃப்ரிட்ஜுக்கு எத்தனையோ தமிழ்ப்பெயர் சொல்லிக்கொடுத்துவிட்டேன், பிள்ளைகள் வாயில் ஒன்றும் நிற்கவில்லை. நீங்கள் கையேட்டில் என்ன எழுதினீர்கள்?
தமிழாசிரியை, தஞ்சாவூர்

பதில்: குளிர்சாதனப் பெட்டி என்று எழுதச் சொன்னார்கள், எழுதினேன். கதவின் உள்பக்கம் ஒட்டும் சீட்டில் அந்தச் சொல் ஒரு வரிக்குள் அடங்காது. பக்கத்தில் துருக்கிக்காரர் 'பூஸ்டொலாபி' என்று முடித்திருப்பார், ஜெர்மானியர் 'க்யூல்ஷ்ராங்க்' என்று முடித்திருப்பார். எனக்கு மட்டும் இரண்டு வரி வேண்டும்.

அவர்கள் பெயர்களைப் பாருங்கள். துருக்கியில் பனிக்கட்டி அலமாரி. ஃபின்லாந்தில் 'யாக்காப்பி', அதுவும் பனிக்கட்டி அலமாரி. சீனத்தில் 'பிங்ஷியாங்', பனிக்கட்டிப் பெட்டி. ஸ்பெயினில் 'நெவேரா', பனி வைக்குமிடம். மின்சாரம் இல்லாத காலத்தில் பல ஊர்களில் நிஜமாகவே பனிக்கட்டியை அலமாரியில் வைத்து உணவைக் காத்தார்கள். இயந்திரம் வந்தபோது பெயர் தயாராக இருந்தது, நம் இஸ்திரிப்பெட்டி மாதிரி. நமக்கு அந்த நடுக்கட்டம் வரவே இல்லை. பாஸ்டனிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842இல் சென்னைக் கடற்கரையில் கட்டிய ஐஸ் ஹவுஸ் இன்று விவேகானந்தர் இல்லமாக நிற்கிறது. ஆனால் அந்தப் பனிக்கட்டி வெள்ளைக்காரர் வீட்டுக்கும் பணக்காரர் வீட்டுக்கும்தான் போனது. நம் அடுக்களையில் உறியும் மண்பானையும் இருந்தன, அடுத்து நேராக ஃப்ரிட்ஜ். பெயர் வைக்கப் பழைய சாமான் இல்லாததால் குழு போட்டு வைத்தார்கள். குழு வைத்தால் பொருளின் வேலை முழுவதையும் பெயரில் எழுதத் தோன்றும். குளிர், சாதனம், பெட்டி என்று மூன்றையும் அடைத்தாயிற்று. எந்த வீட்டுப் பெயராவது இவ்வளவு சொல்கிறதா? ஆட்டுக்கல் என்ற பெயரில் மாவு என்ற சொல்லே இல்லையே.

பிள்ளைகளிடம் குளிர்பெட்டி என்று சொல்லிப் பாருங்கள். தீப்பெட்டி, தபால்பெட்டி குடும்பத்தில் சேர்ந்துவிடும், ஐஸ்காரர் சைக்கிளில் வைத்திருந்த ஐஸ்பெட்டிக்கும் தம்பி முறை. ப் போட வேண்டுமா என்று அடுத்த கடிதம் எழுதுவீர்கள் என்று தெரியும். குளிர் என்பதைப் பெயர்ச்சொல்லாக எடுத்தால் குளிர்ப்பெட்டி. வினையாக எடுத்தால் வினைத்தொகை, அதில் வல்லினம் மிகாது, குளிர்பெட்டி. நான் வினையின் பக்கம். மின்சாரம் இருந்தால் குளிர்கிற பெட்டி, இல்லாவிட்டால் இனிமேல் குளிரும் பெட்டி. தஞ்சாவூரில் மின்தடை எப்படி என்பதைப் பொறுத்து நீங்கள் முடிவு செய்துகொள்ளுங்கள்.